நான்காம் இயலில் இறந்துபோன மௌனம்

என் நாத்தனாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் நான் ஒரு தப்புக்கு முனைவர் பட்டம் வாங்கியிருப்பேன். அதற்காக அவருக்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்பது தெரிகிறது. ஆனால் சிகிச்சை முடிந்து அவர் எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, நான் துணி மடிப்பது தொடங்கி நான் பேனா பிடிப்பது வரைக்கும் குறை சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால், நன்றி கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது.

என் ஆராய்ச்சி மதமும் ஊடகமும் பற்றியது. யாராவது கேட்டு நான் சொன்னால் "ஓ, நல்ல தலைப்பாச்சே" என்று சொல்லிவிட்டு உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கல்லூரியில் நான் பாடம் நடத்தும் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். அவர்களுக்கு நான் இதை இப்படித்தான் விளக்குவேன்.

இந்தத் துறையில் மூன்று கட்சி உண்டு. முதல் கட்சிக்கு ஊடகம் என்பது வீட்டுக்கு வந்த புது மருமகள். வந்த வேகத்தில் அடுக்களை டப்பாக்களை இடம் மாற்றி, சாப்பிடும் நேரத்தை மாற்றி, கடைசியில் மாமியார் தன் சொந்த வீட்டிலேயே உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு நிற்கும்படி செய்துவிடுவாள். மதம்தான் அந்த மாமியார். ஒளிபரப்பு ஆரம்பித்த நாளிலிருந்து அது ஊடகத்தின் சட்டதிட்டத்துக்கு அடங்கிப் போகிறது என்பது இவர்கள் வாதம். இதற்கு ஊடகமயமாதல் என்று பெயர். இரண்டாவது கட்சி, மாமியாரை அவ்வளவு லேசாக எடை போடாதீர்கள் என்று சொல்லும். எந்தக் கருவி உள்ளே வந்தாலும் வழிபடுகிறவர்கள் அதைத் தங்கள் வழக்கத்துக்கு வளைத்துக்கொள்வார்கள், வளையாததை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது கட்சிக்கு இந்த மாமியார் மருமகள் பேச்சே பிடிக்காது. குரல், புத்தகம், விளக்கு, கூப்பிய கை, மூடிய கண் எல்லாமே ஊடகம்தான், ஊடகம் இல்லாத மதம் எந்தக் காலத்தில் இருந்தது என்று திருப்பிக் கேட்பார்கள். மூன்று கட்சிக்காரர்களும் கருத்தரங்குகளில் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். அடித்துக்கொள்வதெல்லாம் அடிக்குறிப்பில்தான்.

என் நெறியாளர் முதல் கட்சி. கட்சி என்றால் சாதாரணத் தொண்டர் இல்லை, கொடி கட்டி நடத்துகிறவர். தேர்வாளராக வரப்போகும் வெளியூர்ப் பேராசிரியை இரண்டாவது கட்சிக்குத் தலைவி மாதிரி. இந்த இருவரும் இருபது வருடமாக ஒருவர் புத்தகத்தை மற்றவர் கிழித்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிற ஒரு பிரார்த்தனை மன்றம். வாரம் ஒரு முறை கூடுவார்கள். பாட்டு, வாசிப்பு, தலைவரின் பேச்சு, பிறகு மௌனம், கடைசியில் ஆசி. சில வருடங்களாக இதை நேரலையில் ஒளிபரப்புகிறார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் அதற்கான இணைப்பு வரும். மறுநாள் அதன் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். நான் உறுப்பினர் இல்லை. எனவே பதிவுகளைத்தான் பார்த்தேன். ஆறு வருடப் பதிவுகள் அத்தனையையும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன்.

பார்த்ததில் ஒரு புதையல் கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் பேச்சு முடிந்ததும் தலைவர் "மௌனமாக இருப்போம்" என்பார். திரையில் ஒரு விளக்குப் படம் வரும். வந்த அடுத்த நொடியே போய்விடும். தலைவர் "எழுந்திருப்போம்" என்பார். ஆறு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறாமல் இதே கதை. சொல் மட்டும் இருக்கிறது, மௌனம் இல்லை. வெறுமையான திரையை ஊடகம் பொறுத்துக்கொள்ளாது, அந்தப் பொறுமையின்மை பிரார்த்தனைக்குள்ளேயே புகுந்துவிட்டது, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட இப்போது கேமராவின் அவசரத்துக்குத்தான் கும்பிடுகிறார்கள் என்று எழுதினேன். அதுதான் நான்காம் இயல். நெறியாளர் அதைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டினார். ஆறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

நேரில் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஆரம்பத்திலேயே நெறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஊடகத்தை ஆராயறவங்க ஊடகத்தைத்தான் பாக்கணும். அங்க போய் உக்காந்தீங்கன்னா பாட்டுல மயங்கிடுவீங்க, சார்பு வந்துடும்." என் நாத்தனார் அந்த மன்றத்தில் முப்பது வருட உறுப்பினர் என்று தெரிந்ததும் இன்னும் கறாரானார். சொந்தக்காரர்கள் சொல்வது சான்றாகாது, வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள் என்றார். நானும் எடுக்கவில்லை. நாத்தனாரிடம் பேச வேண்டாம் என்று ஒருவர் கோட்பாட்டு அடிப்படையில் அனுமதி கொடுத்தால் யார்தான் மறுப்பார்கள்.

வாய்மொழித் தேர்வுக்குச் சில நாட்கள் இருந்தன. அன்று விடுமுறை. நாத்தனார் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, பிரார்த்தனை பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே தேர்வில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். போனில் தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் பார்த்தேன். சத்தம் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சோபா பக்கம் வந்தேன்.

"அக்கா, நெட்டு போயிடுச்சு போல. இருங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்."

அவர் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினார். சரி, பண்ணு என்கிறார் என்று நினைத்து அலமாரி மேல் இருந்த ரவுட்டரை அணைத்தேன்.

"ஏய், என்ன பண்ணினே?" என்றார் நாத்தனார், கண்ணைத் திறந்து. "படம் சுத்திட்டே இருக்கு பாரு."

"சத்தமே வரலையே அக்கா."

"மௌனத்துல சத்தம் எங்கேர்ந்து வரும்? நல்லா இருந்துட்டிருந்தோம், கெடுத்துட்டே."

"எந்த மௌனம்?"

"இது என்ன கேள்வி. வாராவாரம் இருக்கற மௌனம்தான். பேச்சு முடிஞ்சதும் இருப்போமே."

ரவுட்டரை மறுபடி போட்டேன். அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"யாரு மணி பாத்தா. பத்து நிமிஷம் இருக்கும். சில வாரம் இன்னும் கூட இருக்கும்."

"கூடத்துல சரி. போன்ல பாக்கறவங்களுமா?"

"கண்ணை மூடிக்கிட்டா கூடம் என்ன, போன் என்ன. படுத்துட்டு இருக்கேன், அது ஒண்ணுதான் வித்தியாசம்."

என் கணவர் செய்தித்தாளை இறக்கினார். "மௌனம் எப்பவும் உண்டே. சின்ன வயசுல அக்காவோட போறப்போ எனக்கு அந்த நேரத்துலதான் இருமல் வரும்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீதானே வீட்டுல இதைப் பத்திப் பேசக் கூடாது, சார்பு வந்துடும்னு சொன்னே."

மறுநாள் பதிவு இணையத்தில் ஏறியதும் போட்டுப் பார்த்தேன். "மௌனமாக இருப்போம்." விளக்குப் படம். "எழுந்திருப்போம்." என் கண் முன்னால், என் வீட்டில், என் கையால் கலைந்துபோன அந்த மௌனம் அதில் இல்லவே இல்லை.

பதிவுகளை ஏற்றுகிறவர் மன்றத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாத்தனாரிடம் எண் வாங்கி அவரைக் கூப்பிட்டேன். மனிதர் கலகலப்பானவர். நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்றெல்லாம் விசாரிக்கவே இல்லை.

"ஆமாம்மா, அதை வெட்டிட்டுத்தான் ஏத்துவேன். நேரலைல முழுசா இருக்கும், அதுல யாரும் கை வைக்க முடியாது. மறுநாள் பாக்கறவங்க பாட்டும் பேச்சும் கேக்கத்தானே வர்றாங்க. விளக்குப் படத்தையே காட்டிட்டிருந்தா வீடியோ கெட்டுப்போச்சுன்னு எனக்கு போன் மேல போன். கடையில வியாபாரத்தைப் பாப்பேனா, இவங்களுக்கு பதில் சொல்லுவேனா?"

"எப்போலேர்ந்து வெட்டறீங்க?"

"முதல் வாரத்துலேர்ந்தே. ஏன்மா, ஒட்டு தெரியுதா?"

தெரியவில்லை என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

பல்கலைக்கழகத்துக்கு ஓடினேன். நெறியாளரின் அறையில் மூன்று சுவருக்குப் புத்தகம், நான்காவது சுவருக்கு அவர். நான் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது நமக்கு சாதகம்தான். மௌனத்தை வெட்டினது யாரு? ஊடகம்."

"வெட்டினது கண்ணாடிக் கடைக்காரர் சார்."

"அவர் மூலமா ஊடகம்."

"ஆனா பிரார்த்தனையில மௌனம் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கேன். அது சாகலையே சார். பத்து நிமிஷம் கூடம் நிறைய இருக்கு. வீட்டுல படுத்திருக்கறவங்க வரைக்கும் இருக்கு."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாருங்கம்மா. தேர்வு முடியட்டும். இதை அப்புறமா ஒரு கட்டுரையா எழுதிக்கலாம். இப்போ வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க. வர்ற அம்மா ஏற்கனவே நம்ம மேல கடுப்புல இருப்பாங்க. உங்க வேலையும் நினைச்சுப் பாருங்க."

வேலையை நினைக்காமல் இருந்தால்தானே. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் பட்டம் வரவில்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். இந்த வயதில் இன்னொரு கல்லூரி வாசலில் போய் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். மௌனத்தை ஆராய்ந்தவள் மௌனமாக இருப்பதும் பொருத்தம்தான் என்று எனக்கு நானே கிண்டல் வேறு செய்துகொண்டேன். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

தேர்வு நடந்த அறையில் ஏ.சி. ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். கூட்டம் சேர்க்க இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் போனை மேஜைக்கு அடியில் பிடித்துக்கொண்டு மரியாதையாக இருந்தார்கள். வெளியூர்ப் பேராசிரியை நான் நினைத்ததைவிடக் குள்ளம். கண் சிவந்து, முகம் வீங்கி, சரியாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். என்னைக் குதறப் போகிறார் என்று காத்திருந்தேன். முதல் மூன்று இயல்களிலும் ஒப்புக்கு ஏதோ கேட்டார். நானும் ஒப்புக்கு ஏதோ சொன்னேன். பிறகு அவர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"நாலாவது இயலைப் பத்தி நான் கேள்வி கேக்கப் போறதில்லை. ஒண்ணு சொல்லணும். ஜனங்க கருவியைத் தங்க வழிக்குக் கொண்டுவந்துடுவாங்கன்னு நான் இருபது வருஷமா எழுதிட்டிருக்கேன். அதுக்கு மௌனத்தைத்தான் எப்பவும் உதாரணம் சொல்வேன். பாட்டு மாறலாம், பேச்சு சுருங்கலாம், மௌனத்தை மட்டும் அவங்க விட்டுக்கொடுக்க மாட்டாங்கன்னு. இந்தப் பொண்ணு ஆறு வருஷம் உக்காந்து பாத்து, அது போயிடுச்சுன்னு காட்டியிருக்கா. ஒரு வாரம்கூட மிச்சமில்லை. சான்று இருக்கறப்போ நான் வீம்பு பிடிக்கக் கூடாது. என் புத்தகம் மறுபதிப்பு வருது. அதோட கடைசி இயலை எடுத்துடச் சொல்லிப் பதிப்பாளருக்கு இன்னைக்கு சாயங்காலம் சொல்லிடப் போறேன்."

நெறியாளரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபது வருடமாக அவர் காதில் விழ வேண்டும் என்று தவம் கிடந்த வார்த்தை. உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார். துறைத்தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். எல்லாம் முடிந்த மாதிரிதான். நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்தால் போதும்.

உட்கார முடியவில்லை. என் வேலைக்காக ஒரு தப்பை நான் சுமந்துகொள்வது என் தலையெழுத்து. அதற்காக, சரியாக எழுதிய ஒருத்தி தன் புத்தகத்தைத் தானே கிழிப்பதை வேடிக்கை பார்ப்பதா. தண்ணீர் குடித்தேன். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மேடம், அதை எடுத்துடாதீங்க."

"ஏன்?"

"மௌனம் போகலை. எங்க வீட்டு சோபாவுலயே இருந்துச்சு. நான்தான் நெட்டு போச்சுன்னு நினைச்சு ரவுட்டரை அணைச்சேன்."

மாணவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார், டம்ளர், கண்ணாடிக் கடைக்காரர், வெட்டு, ஒட்டு, ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல என் வேலை என் கையை விட்டு நழுவுவது எனக்கே தெரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

பேராசிரியை முன்னால் சாய்ந்தார். "நேரலைல பாக்கறவங்களும் கண்ணை மூடிக்கறாங்களா?"

"என் நாத்தனார் மூடிக்கறாங்க. மத்தவங்களைக் கேக்கணும்."

"நீங்க கேக்கலையா?"

"இல்லை மேடம்."

"நாத்தனாரைக்கூடவா?"

"சார்பு வந்துடும்னு கேக்கலை."

அவர் திரும்பி நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் ஒழுகும் ஏ.சி.யை ஆராய ஆரம்பித்தார். பேராசிரியைக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"உங்க ஆய்வேடு கைக்கு வந்த நாளா எனக்குத் தூக்கம் இல்லைம்மா. சோறு தண்ணி இறங்கலை. என் பொண்ணு வந்து, யாராவது செத்துட்டாங்களாம்மான்னு கேக்கறா. என்னன்னு சொல்ல? என் ஆயுசுல பாதியை இதுக்குத்தான் கொடுத்தேன். அது தப்புன்னு ஆயிடுச்சேன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன்."

அதைக் கேட்டதும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. இவருக்குப் பயந்து நான் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். எனக்குப் பயந்து இவர் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. பதிவில் வெட்டினது ஊடகத்தின் அவசரம்தான், அந்த மட்டில் என் கோட்பாடு நிற்கிறது என்றார் நெறியாளர். நேரலையை வெட்டாமல் விட்டதுதான் முக்கியம் என்றார் பேராசிரியை. மூடிய கண்ணே ஒரு ஊடகம்தானே என்று துறைத்தலைவர் நடுவில் நுழைந்தார். அவர் மூன்றாவது கட்சி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரே பிரார்த்தனையில் மூன்று பேருக்கும் இடம் இருந்தது. இதை அப்படியே எழுதினால் மூன்று பேருக்கும் பிடிக்காது என்பதும் தெரிந்தது. எழுதத்தான் போகிறேன்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். நான்காம் இயலை நேரில் போய்ப் பார்த்துத் திருத்தி எழுதித் தர வேண்டும், அந்த நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரை என்று துறைத்தலைவர் படித்தார். பரிந்துரைத் தாளைக் காட்டினாலே கல்லூரிக்குப் போதும் என்று அவரே சொன்னார். நெறியாளர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "கூடத்துக்குப் போறப்போ சொல்லுங்க, நானும் வர்றேன்" என்றார். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக அவர் மேல் எனக்குப் பாசம் வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நாத்தனார் கேட்டார். "என்னாச்சு?"

"குடுத்துட்டாங்க அக்கா. ஒரு இயல் மட்டும் திருப்பி எழுதணும். உங்களை நிறைய கேக்க வேண்டியிருக்கு."

"என்னை என்னத்த கேக்கப் போறே?"

"கண்ணை மூடிட்டு இருக்கீங்களே, அப்போ உள்ளே என்ன நடக்குதுன்னு."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை. "உண்மையைச் சொல்லணுமா?"

"ஆமா அக்கா."

"பாதி நேரம் தூங்கிடுவேன். அதை எழுதிடாதே."

"மீதி நேரம்?"

"யாருக்கு என்ன வேணும்னு ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாப்பேன். கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து நீதான் முதல்ல வருவே. உனக்குத்தான் எப்பவும் ஏதாவது ஒரு பரீட்சை இருக்கே."

நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, வலி இல்லாத கால் பக்கமாக, சோபா ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல, வெளியே போய் வந்த துணியோடு சோபாவில் உட்காராதே என்றார்.